பூசி மறைப்பதற்கு முன்: கட்டடத்தைச் சார்பில்லாத பொறியாளரிடம் எப்போது, எப்படிக் காட்டுவது?

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தூணில் விரிசல் வந்தது. மூலையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேலிருந்து கீழாக, ஏறக்குறைய நேர்கோடு. பராமரிப்பு வேலை பார்ப்பவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு "பூச்சு விரிசல்தான்" என்றார். கொத்திப் பூசினோம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் அதே கோடு. மறுபடியும் பூசினோம். மூன்றாவது வருடம் ஒரு முழ நீளத்துக்குக் கான்கிரீட்டே பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் பொறியாளரைத் தேடினோம். முதலில் வந்தவரைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரரே கூட்டிவந்தார். இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, பதினாறு தூண்களுக்கும் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுத் தடிமனாக்க வேண்டும் என்றார். தொகையைக் கேட்டுக் குடியிருப்போர் கூட்டம் ஸ்தம்பித்துப் போனது. இரண்டாவதாக வந்தவரை நாங்களே தேடிப் பிடித்து, எங்கள் பணத்தில் அமர்த்தினோம். அவர் இரண்டு நாள் பார்த்தார், சோதனை செய்தார், பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். கெட்டிருந்தது ஐந்து தூண்கள். ஐந்தும் ஒரே கழிவுநீர்க் குழாயின் ஓரத்தில் இருந்தவை. அறிக்கையின் முதல் பரிந்துரையே அந்தக் குழாயின் கசிவை நிறுத்துங்கள் என்பதுதான். முதல் ஆள் சொன்னபடி செய்திருந்தால், புதுக் கான்கிரீட்டுக்குள்ளேயும் அதே தண்ணீர் இறங்கியிருக்கும்.

நாங்கள் இழந்த மூன்று வருடத்தை நீங்கள் இழக்க வேண்டாம். எப்போது கூப்பிடுவது, யாரைக் கூப்பிடுவது, என்ன தாள்களைத் தயாராக வைப்பது, பணமும் நாளும் எங்கே போகும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் இதைப் பாருங்கள்: இது காத்திருக்கும் விஷயமா?

சில அறிகுறிகளுக்கு ஆய்வு, அறிக்கை, கூட்டம் எதுவும் கிடையாது. ஆட்களை வெளியேற்றிவிட்டு உள்ளாட்சி அதிகாரிகளையும் மீட்புத் துறையையும் அழைக்க வேண்டும். விரிசல் சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரிய அகலமாகிறது. தூணின் கான்கிரீட் வெடித்து, கம்பி வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. தரை திடீரென்று இறங்கியிருக்கிறது. நேற்று வரை திறந்த பல கதவுகள் இன்று ஒரே சமயத்தில் இறுகிப் போயின. சுவருக்குள்ளிருந்து வெடிக்கும் சத்தம் கேட்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தெரிந்தது. பார்த்த பொறியாளர் ஆபத்து என்றார். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். 24ஆம் தேதி காலை அது இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். இந்த விஷயத்தில் "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. கூப்பிட வேண்டிய தருணங்கள்

நான் கற்றுக்கொண்ட ஒரே அளவுகோல் இது: திரும்ப எடுக்க முடியாத ஒரு வேலைக்கு முந்தைய நாள்தான் சரியான நாள். பூசி மறைப்பதற்கு முன், சுவரை இடிப்பதற்கு முன், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், முன்பணம் கொடுப்பதற்கு முன். அதற்குப் பிறகு கூப்பிட்டாலும் பொறியாளர் வருவார், ஆனால் அவர் பார்க்க வேண்டிய தடயம் போயிருக்கும், அல்லது உங்கள் பேரம் பேசும் பலம் போயிருக்கும்.

கட்டடமே சொல்லும்போது. விரிசலின் நீளத்தைவிட அது இருக்கும் இடமும் சாய்வும் முக்கியம். தூணில் கம்பி ஓடும் கோட்டிலேயே செங்குத்தாக வந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். துருவின் பருமன் மூல இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை ஆகும், அதுதான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. உத்திரம் தூணைச் சேரும் இடத்துக்கு அருகில் சாய்வாக ஓடும் விரிசல் அவசரமானது. உத்திரத்தின் நடுவில், அடியிலிருந்து மேலே ஏறும் மெல்லிய கோடு அந்த அளவு பயப்பட வேண்டியதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டில் 0.3 மில்லிமீட்டர் வரை விரிசலை, வழக்கமான உட்புறச் சூழலில், வடிவமைப்பு விதிகளே அனுமதிக்கின்றன. மூன்று காகிதத் தாளை அடுக்கினால் வரும் தடிமன் அது. செங்கல் சுவரில் படிக்கட்டுப் போல ஏறிப் போகும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். உத்திரமே இல்லாமல் தளம் நேராகத் தூணில் உட்காரும் கட்டடமாக இருந்தால், தூணைச் சுற்றி மேல்தரையில் வட்டமாக வரும் விரிசலை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

பால்கனியைத் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் அங்கே தவறான பக்கத்தைப் பார்க்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் முக்கியமான கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். கான்கிரீட் ஊற்றும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால், வெளியே எதுவும் தெரியாமலேயே தளம் பலமிழந்திருக்கும். அதனால் பால்கனியின் மேல்தரையில், சுவரை ஒட்டி நீளவாக்கில் வரும் விரிசலைத்தான் தேட வேண்டும். ஓடு பதித்திருந்தால் அது தெரியாது. பழைய ஓட்டின் மேலேயே 5 செ.மீ. கலவை போட்டுப் புது ஓடு பதித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் ஏதாவது மாற்றப் போகும்போது. சுவர் எடுப்பது, கதவுக்கு வழி வெட்டுவது, மாடி ஏற்றுவது, தளத்தில் குழாய்க்காகத் துளை போடுவது, வீட்டை அலுவலகமாகவோ கிடங்காகவோ மாற்றுவது எல்லாம் இதில் சேரும். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கு, அதாவது ஆட்கள், பொருட்களின் எடைக்கு, வடிவமைப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் அதே சதுர மீட்டரில் 1,000 கிலோ. ஆளுயரத்துக்கு மேல் போகும் புத்தக அலமாரிகள் நெருக்கமாக நிற்கும் அறைக்கு 600 கிலோவும் அதற்கு மேலும் கணக்கிடுவார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கிறேன், கோப்புக் கிடங்கு வைக்கிறேன் என்றால் இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சியோலில் 1995 ஜூன் 29 அன்று இடிந்து 502 பேரைக் கொன்ற சாம்பூங் அங்காடியில், ஐந்தாம் தளத்தின் பயன்பாடு மாறி உணவகங்கள் வந்தன. கூரையில் கனமான குளிர்சாதன இயந்திரங்களும் நின்றன. தூண்களோ வேண்டிய அளவைவிட மெலிதாகக் கட்டப்பட்டிருந்தன.

பக்கத்தில் ஏதாவது நடக்கும்போது. அடுத்த மனையில் உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகக் குழி தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே, தோண்டத் தொடங்கும் முன் உங்கள் கட்டடத்தின் இன்றைய நிலையைப் பொறியாளரைக் கொண்டு படத்துடன் பதிவு செய்யுங்கள். பின்னால் விரிசல் வந்தால் "இது முன்பே இருந்தது" என்பார்கள். அந்தப் பதிவு மட்டும்தான் பதில். நிலநடுக்கம், வெள்ளம், வண்டி மோதியது ஆகியவற்றுக்குப் பிறகும் கூப்பிட வேண்டும். தீ விபத்தில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: பல வகைக் கான்கிரீட் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். சூடு எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அது பொறியாளருக்குத் தடயம். கரியைத் தேய்த்துக் கழுவி வண்ணம் அடித்துவிட்டு அவரைக் கூப்பிடாதீர்கள்.

வாங்கும்போது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், விற்பவர் காட்டும் சான்றிதழை மட்டும் நம்பாமல் நீங்களே ஒருவரை அழைத்துப் போங்கள். புதிதாக வண்ணம் அடித்த கீழ்த்தளம், ஒரே ஒரு தூணுக்கு மட்டும் புதுப் பூச்சு, கூரையடியில் புதிதாகப் போட்ட பொய்க்கூரை இவற்றைக் கண்டால் கட்டாயம்.

கட்டும்போது. பெரிய கட்டடங்களுக்குச் சில நாடுகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் வடிவமைப்பைச் சரிபார்க்கவே தனி அங்கீகாரம் பெற்ற பொறியாளர்கள் உண்டு. உங்கள் ஊரில் சட்டம் கேட்காவிட்டாலும், அகலமான தூணில்லாக் கூடம், சரிவான மனை, நிரப்பிய மண், கீழே தூண் இல்லாமல் உத்திரத்தின் மேல் நிற்கும் தூண் ஆகியவை இருந்தால் வரைபடத்தை இரண்டாவது ஆளிடம் காட்டுவது நல்லது. அப்புறம், வேலை நடக்கும்போது "இப்படிப் போட்டால் சுலபம்" என்று இணைப்பிலோ கம்பியிலோ ஒரு மாற்றம் வந்தால் வேலையை நிறுத்திக் கேளுங்கள். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹயாத் ரீஜென்சி விடுதியில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு தொங்கு நடைபாதைகளை ஒரே நீளத் தொங்கு கம்பிகள் தாங்குவதாக இருந்தது. வேலைச் சுலபத்துக்காக ஒவ்வொரு கம்பியையும் இரண்டாகப் பிரித்தார்கள். மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. 1981 ஜூலை 17 அன்று இரண்டும் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

3. கூப்பிடத் தேவையில்லாதவை

பூச்சில் மட்டும் வலைபோல் பரவும் மயிரிழைக் கீறல், உத்திரமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் வரும் நேர்விரிசல், வருடக்கணக்கில் மாறாமல் இருக்கும் மெல்லிய கோடு ஆகியவை பெரும்பாலும் கட்டமைப்புச் சிக்கல் இல்லை. சந்தேகமாக இருந்தால் பூசாமல் கண்காணியுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அளவுகோலை ஒட்டி வைத்து மாதம் ஒரு படம், அதே தூரத்தில், அதே கோணத்தில். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அந்தப் படங்களே பொறியாளருக்கு நீங்கள் தரும் முதல் ஆவணம்.

4. "சார்பில்லாதவர்" என்றால் யார்?

பெயருக்குப் பின்னால் பட்டம் இருப்பது ஒரு பாதிதான். இவர் சொல்லும் முடிவால் இவருக்கே லாபம் வருமா என்பது மறுபாதி. நான் இப்போது நேராகவே கேட்பது இந்த நான்கு கேள்விகள்:

பழுது வேலையை நீங்களோ உங்கள் உறவினரோ எடுத்துச் செய்வீர்களா? இந்தக் கட்டடத்தைக் கட்டியவர், விற்பவர், ரசாயனப் பூச்சு விற்பவர் யாரிடமாவது உங்களுக்கு வேலைத் தொடர்பு உண்டா? "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று முடிவு வந்தாலும் இதே கட்டணம்தானா? அறிக்கையில் உங்கள் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்குமா?

கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். "ஆய்வு இலவசம், வேலையை எங்களிடம் கொடுங்கள்" என்பவரையும்.

சிவில் படித்த எல்லோரும் கட்டமைப்பு வடிவமைப்பாளர் இல்லை. சாலை, குடிநீர், திட்ட மேலாண்மை என்று வேறு வேலையில் வருடங்கள் கழித்தவராக இருக்கலாம். உங்கள் கட்டடத்தின் வகையிலேயே, அது செங்கல் சுவர் தாங்குவதோ கான்கிரீட் சட்டகமோ இரும்போ, பழைய கட்டடங்களை ஆராய்ந்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லலாம். அதைப் படித்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும்.

இன்னொரு தயக்கம் பலருக்கு இருக்கும்: முதலில் வடிவமைத்த பொறியாளர் மனம் நோகாதா? பல நாடுகளின் பொறியாளர் நடத்தை விதிகளில், வேலையில் இருக்கும் இன்னொரு பொறியாளருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதனால் ஒளிக்காமல் நீங்களே ஒரு கடிதத்தில் சொல்லிவிடுங்கள். அவரிடம் கணக்கீட்டுத் தாள்களைக் கேட்கவும் அதுவே வழி.

5. ஆவணங்கள்: ஆளைத் தேடும் முன் தாளைத் தேடுங்கள்

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்த இடத்தில்தான். நல்ல கோப்பு இருந்தால் சோதனையும் குறையும், கட்டணமும் குறையும். சேகரிக்க வேண்டியவை:

- அனுமதி பெற்ற வரைபடம், கட்டி முடித்த பின் போட்ட உண்மை நிலை வரைபடம்
- கம்பி விவரங்கள் இருக்கும் கட்டமைப்பு வரைபடம். அறை அளவு மட்டும் இருக்கும் வரைபடம் இதற்கு ஈடாகாது
- கட்டமைப்புக் கணக்கீட்டுத் தாள்கள்
- மண் பரிசோதனை அறிக்கை
- கான்கிரீட் கனசதுர மாதிரிகளின் 7 நாள், 28 நாள் சோதனை முடிவுகள்
- கம்பி, சிமெண்ட் சான்றுகள், வேலை நாட்குறிப்பு
- நிறைவுச் சான்றிதழ்
- இதுவரை செய்த பழுதுகளின் ரசீதுகள், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்
- கட்டிய பின் கூடிய சுமைகளின் பட்டியல்: தொட்டி, கோபுரம், இயந்திரம், மேல் அறை

பலவும் கிடைக்காது, அது பரவாயில்லை. கட்டியவர், வடிவமைத்தவர், அனுமதி தந்த அலுவலகம், கடன் தந்த வங்கி, முதலில் குடிவந்த குடும்பம் என்ற வரிசையில் கேளுங்கள். எங்களுக்குக் கட்டமைப்பு வரைபடம் கிடைத்தது முதல் உரிமையாளர் ஒருவரின் பழைய பெட்டியில். கட்டுமானக் காலத்தில் யாராவது கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் அதையும் வாங்குங்கள். கம்பி கட்டி நிற்கும் ஒரு படம், ஒரு நாள் சோதனையை மிச்சப்படுத்தும்.

6. கேள்வியை எழுத்தில் கொடுங்கள்

"கட்டடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூப்பிட்டால் "கட்டடம் பொதுவாக நன்றாக இருக்கிறது" என்று ஒரு பக்கக் காகிதம் வரும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நாங்கள் எழுதிக்கொடுத்தது இப்படி: கீழ்த்தளத் தூண்களில் வரும் விரிசலுக்குக் காரணம் என்ன, எந்தெந்தத் தூண்கள், இன்றைய நிலையில் குடியிருப்பது பாதுகாப்பா, எதை உடனே, எதை ஒரு வருடத்துக்குள், எதை வெறுமனே கண்காணித்தால் போதும், பழுது பார்க்கும் முறை என்ன.

கடிதத்தில் இவையும் இருக்கட்டும்: எத்தனை முறை நேரில் வருவார், யார் வருவார், எந்தப் பகுதிகள் ஆய்வுக்குள் அடங்காது, சோதனைக்கூடத்தை யார் அமர்த்துவது, அறிக்கை எந்தத் தேதிக்குள், அறிக்கைக்குப் பிறகு கேள்வி கேட்க ஒரு கூட்டம் உண்டா. அடங்காத பகுதிகளைக் கவனித்துப் படியுங்கள். பல அறிக்கைகளில் அஸ்திவாரம் சத்தமில்லாமல் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.

7. செலவு எங்கே போகிறது?

மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள், ஆனால் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பொறியாளரின் கட்டணம், சோதனைக்கூடத்தின் கட்டணம், பூச்சும் ஓடும் பெயர்த்துத் திரும்பப் போடும் செலவு, சாரம் கட்டும் செலவு, இரண்டாவது வருகை ஆகிய ஐந்தையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். குறைந்த தொகை சொன்னவர் பெரும்பாலும் மூன்றாவதையும் ஐந்தாவதையும் விட்டிருப்பார். எங்களுக்குத் திரும்பப் பூசும் செலவு கணக்கிலேயே இல்லாமல் இருந்தது. அதற்காக மறுபடி ஒரு கூட்டம் போட்டுப் பணம் திரட்ட வேண்டியதாயிற்று.

பணத்தை மிச்சம் பிடிக்க நேர்மையான வழி, வேலையைக் கட்டமாகப் பிரிப்பது. முதல் கட்டம் கண்ணால் பார்க்கும் ஆய்வும் தாள்களும் மட்டும். எங்கே, எத்தனை சோதனை தேவை என்று அவர் எழுதித் தந்த பிறகு இரண்டாம் கட்டம். முதல் நாளே எல்லாச் சோதனைக்கும் சேர்த்துப் பணம் கேட்பவரிடம், எதைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனை என்று கேளுங்கள். முடிவுத் தவணையை அறிக்கை கைக்கு வந்து, கேள்விக் கூட்டமும் முடிந்த பிறகு கொடுங்கள். கட்டணத்தைப் பழுதுச் செலவின் சதவீதமாக மட்டும் வைக்காதீர்கள். பழுது பெரிதாக ஆக அவருக்குக் கூடுதல் கிடைக்கும் ஏற்பாடு அது.

அடுக்குமாடியாக இருந்தால், பணம் கேட்கும் முன் விரிசலின் படங்களை எல்லா வீட்டாருக்கும் அனுப்புங்கள். கீழ்த்தளத் தூண் கீழ்வீட்டுக்காரரின் பிரச்சினை என்று மேல்மாடியில் இருப்பவர் நினைப்பது வழக்கம். அவர் வீடும் அதே தூணின் மேல்தான் நிற்கிறது.

8. பார்க்க வரும் நாளும் சோதனைகளும்

பூட்டிய அறை, மோட்டார் அறை, மொட்டை மாடி, பொய்க்கூரைக்கு மேல், தொட்டிக்கு அடி எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். தூணை மறைத்திருக்கும் அலமாரிகளை முந்தைய நாளே நகர்த்துங்கள். ஏணி, விளக்கு, கொத்துவதற்கு ஒரு ஆள் தேவை. நீங்களும் கூடவே நடங்கள். எந்த வருடம் எங்கே ஓதம் ஏறியது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சோதனைகளில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சுத்தியல் போலத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே அளக்கிறது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகியிருந்தால், அது உண்மைக்கு மேல் நல்ல எண்ணைக் காட்டும். ஹேமர் எண்ணை மட்டும் வைத்து "பலம் போதும்" என்று எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள். மீயொலிச் சோதனை உள்ளே வெற்றிடமும் பிளவும் இருக்கிறதா என்று சொல்லும். கவர் மீட்டர் கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும்.

பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளிக்கும் சோதனை மலிவானது, அதே சமயம் நிறையச் சொல்வது. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியில் கம்பியைக் காக்கும் காரம் போய்விட்டது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை எட்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. எங்கள் ஐந்து தூண்களில் எட்டியிருந்தது, மற்றவற்றில் இல்லை. பதினாறு, ஐந்தாகக் குறைந்த இடம் இதுவே.

உருளையாகக் கான்கிரீட்டை வெட்டியெடுக்கும் கோர் சோதனைதான் பலத்தை நேரடியாகச் சொல்லும். வெட்டும் முன் கவர் மீட்டரால் கம்பியைக் குறித்துக்கொண்டு, கம்பி அறுபடாத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இடத்தைப் பொறியாளர்தான் குறிக்க வேண்டும், வெட்ட வந்த ஆள் இல்லை. குறைந்தது மூன்று எடுப்பார்கள். மூன்றின் சராசரி வடிவமைப்பில் சொன்ன பலத்தில் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம் என்பது பல நாட்டு விதிகளிலும் இருக்கிறது. வெட்டிய துளையைச் சுருங்காத கலவையால் அன்றே அடைக்கச் சொல்லுங்கள்.

9. எத்தனை நாள் ஆகும்?

சாதாரண வீட்டைக் கண்ணால் ஆராய அரை நாள். அடுக்குமாடிக்கு ஒன்றிரண்டு நாள். கோர் மாதிரிகளைச் சீர்செய்து, பதப்படுத்தி உடைத்து முடிவு தர ஒரு வாரம் போல எடுக்கும். அறிக்கைக்கு இன்னும் ஒன்று முதல் மூன்று வாரம் விட்டு வையுங்கள். வரைபடம் இல்லையென்றால் அளந்து வரைய வேண்டும், அது கூடுதல் நாள். ஆவணம் தேடுவதையும் கூட்டம் போட்டுப் பணம் திரட்டுவதையும் சேர்த்தால் எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. ஆய்வு மட்டும் என்றால் ஐந்து வாரம்தான்.

அஸ்திவாரம் இறங்குகிறதா என்ற கேள்விக்கு மட்டும் வாரங்களில் விடை வராது. களிமண் போன்ற மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஒரு ஈரப் பருவமும் ஒரு காய்ந்த பருவமும் அளந்தால்தான் விரிசல் மூடித் திறக்கிறதா, ஒரே பக்கம் போகிறதா என்று தெரியும். இதை உடனே முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

வீடு வாங்குபவர், கையெழுத்துத் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு ஆளை அமர்த்த வேண்டும். புதுக்கட்டடத்தில் வரைபடம் மறுஆய்வு அனுமதிக்குக் கொடுக்கும் முன்பு முடிய வேண்டும். அடுத்த பார்வை அஸ்திவாரக் குழியில், கான்கிரீட் ஊற்றும் முன். அதற்கடுத்தது ஒவ்வொரு தளத்துக்கும் கம்பி கட்டி முடித்த அன்று. ஊற்றும் வண்டி வாசலில் நிற்கும்போது அவரைக் கூப்பிட்டால், பிழை தெரிந்தாலும் நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஒரு நாள் இடைவெளி விட்டே தேதி குறியுங்கள்.

10. அறிக்கை கைக்கு வந்த பிறகு

முதலில் பாருங்கள்: எதைப் பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை, காரணம் என்ன, ஆபத்தின் அளவு என்ன, எதை எந்தக் காலத்துக்குள் செய்ய வேண்டும் என்பவை தனித்தனியாக இருக்கின்றனவா? ஒவ்வொரு விரிசலுக்கும் இடம் குறித்த வரைபடமும் படமும் இருக்கின்றனவா? காரணம் எழுதாமல் பழுது முறை மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். எங்கள் முதல் ஆளின் காகிதத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

புரியாத வரிகளை அடிக்கோடிட்டுக் கேள்விக் கூட்டத்தில் கேளுங்கள். "உங்கள் வீடாக இருந்தால் இன்றிரவு இதில் தூங்குவீர்களா?" என்று நான் கேட்டேன். அவர் சற்று யோசித்து, ஐந்தில் இரண்டு தூண்களுக்கு நாளைக்கே இரும்பு முட்டுக் கொடுங்கள், கொடுத்தால் தூங்குவேன் என்றார். அது அறிக்கையில் எட்டாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. அதை முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதி வாங்கினோம்.

அறிக்கையை இழுப்பறையில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் இருந்த சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் கட்டடத்தில், நீச்சல்குளத் தளத்தின் கீழ் கான்கிரீட் பெரிதும் கெட்டிருக்கிறது என்று 2018இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரும் பழுது வேலைக்கான ஏற்பாடு இழுத்துக்கொண்டே போனது. 2021 ஜூன் 24 அன்று அதன் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அறிக்கை வந்த வாரமே கூட்டம் கூட்டி, "உடனே" என்ற பிரிவுக்கு மட்டுமாவது பொறுப்பாளரையும் தேதியையும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பழுது வேலைக்கு ஒப்பந்தக்காரரை அமர்த்தும்போது, அறிக்கையை ஒப்பந்தத்தின் பகுதியாகச் சேருங்கள். மூன்று நிலைகளில் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்: கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்த பின், கம்பியைச் சுத்தம் செய்து புதுக் கம்பி சேர்த்த பின், மூடிய பின். கம்பிக்குப் பின்பக்கமும் கொத்தியெடுத்துத் துருவை முழுவதும் நீக்காமல் பூசினால் சில வருடங்களில் அதே விரிசல் திரும்பும். அவர் வரும் முன் எதையும் மூடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முட்டுக் கொடுக்காமல் தூணைக் கொத்த யாரையும் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் வரைபடம், அறிக்கை, சோதனை முடிவு, படங்கள், ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கி மூன்று வீடுகளில் மூன்று பிரதி வையுங்கள். அடுத்த ஆய்வின் தேதியைப் பொறியாளரிடமே கேட்டு அட்டையில் எழுதுங்கள். சிங்கப்பூரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறையும் மற்றவற்றுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டமைப்பு ஆய்வு சட்டப்படி கட்டாயம். உங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த இடைவெளியையே வைத்துக்கொள்ளலாம். எங்கள் அட்டையில் ஐந்து ஆண்டு என்று எழுதியிருக்கிறோம், கூடவே ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கழிவுநீர்க் குழாயின் இணைப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டியவரின் வீட்டு எண்ணையும்.